ஊரோரத்தில் புதுக் குடியிருப்பு: திட்டம் வகுக்கும் முறை

நம் கிராமங்களில் வீட்டு நெருக்கடி ஆண்டுக்கு ஆண்டு மிகுந்து வருகிறது. தகப்பனார் ஒரு தறி போட்டு வாழ்ந்த வீட்டில் பிள்ளைகள் இருவர் மணம் முடித்துத் தனிக் குடித்தனம் நடத்த முற்படும்போது, முதன்முதலில் இடம் இழப்பது தறியே. முதலில் திண்ணையை அடைத்து அறையாக்குகிறார்கள். பிறகு முற்றத்துக்குக் கூரை போடுகிறார்கள். முடிவில் தறிக்குழியை மண்ணிட்டு மூடி அதன்மேல் கட்டில் போடுகிறார்கள். குழி மூடப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை நெசவு கற்பது அரிது. ஆகவே வீட்டுப் பிரச்சினை நெசவாளருக்குத் தொழிற் பிரச்சினையுமாகும்.

விவசாயிக்கோ வேறு கவலை. ஊரோரத்து நிலம் ஒன்று கைமாறி அங்கே மனைக் கற்கள் நடப்பட்டால், தன் வயலுக்கு வரும் வாய்க்கால் என்னவாகும், வண்டிப்பாதை எங்கே போகும், புது வீடுகளின் சாக்கடை எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று.

நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே வாழும் ஊர்களில் இவ்விரு கவலைகளும் ஒரே கூட்டத்தில் எதிரெதிராக எழுவதுண்டு. ஒருவர்க்கு வீடு வேண்டுமானால் மற்றவர் வயலை இழக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். அப்படியன்று என்பதையும், முறையாகத் திட்டமிட்டால் இருவர் நலனும் பெரும்பாலும் ஒரே திசையில் செல்லும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எந்த நிலம் ஏற்றது?

குடியிருப்புக்கு நிலம் தேடுவோர் பொதுவாக மூன்றைப் பார்க்கிறார்கள்: விலை, சாலைக்கு அண்மை, சமதளமாக இருத்தல். ஏரிக்குக் கீழுள்ள நஞ்சை இம்மூன்றிலும் தேறிவிடுவதுண்டு. சில ஆண்டுகள் மழை பொய்த்துத் தரிசாகக் கிடந்தால் விலையும் இறங்கியிருக்கும். ஆனால் அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

குழித்தறிக்கு இரண்டரை முதல் மூன்றடி ஆழமுள்ள குழி வேண்டும். நஞ்சையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறி அக்குழியை நிரப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதமும் தறி நின்றால், குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் காற்பங்கு போயிற்று. மேலும் வயலின் களிமண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் இயல்புடையது. கரிசலில் இவ்வியல்பு மிக அதிகம். அத்தகைய மண்ணில் சாதாரண அடித்தளமிட்டுக் கட்டிய சுவர் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். அதைத் தடுக்க ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தை வகுத்துத் தந்திருக்கிறார்கள். அம்முறை நல்லதே, ஆனால் செலவு கூடும். மலிவாக வாங்கிய நிலத்தின் இலாபம் அடித்தளத்திலேயே கரைந்துவிடும்.

மேட்டுப்பாங்கான புஞ்சையோ இதற்கு மாறானது. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டில் குழி உலர்ந்திருக்கும்; சுவர் உறுதியாக நிற்கும்; மழைநீர் தானே வடியும். அங்கே நெல் விளையாது. விளையும் மானாவாரிப் பயிரும் மழையை நம்பியது. ஆக, நெல்லுக்கு ஏற்ற நிலம் தறிக்கு ஆகாது. தறிக்கு ஏற்ற நிலத்தில் நெல் வராது. இயற்கையே செய்து வைத்துள்ள இப்பாகப் பிரிவினையை நாம் மதித்து நடந்தால் சச்சரவில் பாதி தீர்ந்துவிடும்.

நிலத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. கார்த்திகை மாதத்தில் நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து குழிகள், நான்கடி ஆழத்துக்கு வெட்டி, ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். குழியில் நீர் ஊறி நின்றால் அந்நிலம் வேண்டாம். சித்திரையில் நிலம் பார்த்து முன்பணம் கொடுத்தவர்கள் கார்த்திகையில் வருந்துவது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வகை நிலத்தையும் விலக்க வேண்டும். ஏரி, குளம், அவற்றின் வரத்துக்கால், கலங்கலுக்குக் கீழுள்ள போக்குக்கால், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவை ஊர்ப் பொதுச் சொத்து. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள்ளன. அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தங்கும் இடங்களிலும் நீர் ஓடும் வழிகளிலும் எழுந்த குடியிருப்புகள் மிகவும் துன்புற்றன. தன் வழி மறிக்கப்பட்ட நீர் வீடுகளுக்குள் புகுந்தே செல்லும்.

பஞ்சாப் மாநிலத்துப் பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகீர் என்றொரு கிராமம் உண்டு. அங்கே ஊர்க் குளத்தை மண்ணிட்டு நிரப்பிச் சிலர் வீடு கட்டினர். நிலத்தின் விலையைப் பஞ்சாயத்துக்குச் செலுத்திவிட்டு அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று மாவட்டக் கலெக்டர் முடிவு கூறினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஜனவரி 28-இல் நீதிமன்றம் அம்முடிவை ஏற்க மறுத்து, ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றவும், எல்லா மாநிலங்களும் இத்தகைய ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கவும் ஆணையிட்டது. வீடு கட்டப் பணம் செலவிட்டோம், விலையும் செலுத்துகிறோம் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. குளத்தை மனையாக்கித் தருவதாக எவர் சொன்னாலும் நம் அங்கத்தினர்கள் இத்தீர்ப்பை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆய்வு முதல், படம் பிறகு

நகரமைப்புக் கலையின் முன்னோடியாகப் போற்றப்படும் பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, 1915-இல் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். ஓர் இடத்தின் நிலம், நீர், மக்கள் செய்யும் தொழில் ஆகியவற்றை நேரிற்கண்டு ஆராய்ந்த பிறகே அதற்குத் திட்டம் வரைய வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. வைத்தியர் நாடி பார்த்த பிறகே மருந்து தருவதைப் போன்றதே இது. இக்காலத்திலோ தாளில் நேர்கோடுகள் இழுத்து மனைகளை எண்ணிவிட்டு, அதன் பிறகே நிலத்தைப் பார்க்கச் செல்வோர் பலர்.

படம் வரைவதற்கு நாம் கூறும் வரிசை இது: முதலில் நீர், அடுத்து வழி, மூன்றாவது தொழில், கடைசியில் வீடு.

முதலில் கிராமப் படத்தையும் அந்தந்தப் புல எண்ணின் படத்தையும் பெற்று, அவற்றில் வாய்க்கால், ஓடை, கிணறு, மழைநீர் வடியும் சரிவு ஆகியவற்றை நீல மையால் குறிக்க வேண்டும். படத்தில் இல்லாத வாய்க்காலும் நிலத்தில் இருக்கலாம். அதை அறிந்தவர் பக்கத்து வயற்காரரே. ஆகவே அவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் அவசியம். இந்த நீலக் கோடுகளின்மீது ஒரு மனையும் வரக்கூடாது. வாய்க்காலின் ஒரு கரையிலேனும் தூர் வாருவோர் நடந்து செல்ல இடம் விடவேண்டும்.

இரண்டாவது, வழி. வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதை, களத்துமேட்டுக்குப் போகும் வழி, மயானப்பாதை, ஆடுமாடு செல்லும் தடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அறுவடை இயந்திரமும் டிராக்டரும் செல்லும் அகலம் இன்று தேவை. பழைய பாதையைப் புதுக் குடியிருப்பின் தெருவாக மாற்றி விவசாயிக்கு வேறு குறுகிய சந்தைக் காட்டுவது நியாயமாகாது.

மூன்றாவது, தொழில். நெசவாளர் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த நேரான, சமமான, நிழலுள்ள நீளம் வேண்டும். ஜாக்கெட் துணியுடன் ஒரு புடவைக்கு 6.3 மீட்டர் என்று கொண்டால், மூன்று புடவைப் பாவு ஏறத்தாழ 19 மீட்டர் வரும். இருபுறமும் கட்டி இழுக்கவும் ஆட்கள் நடமாடவும் சேர்த்து 30 மீட்டராவது தடையின்றி இருத்தல் நலம். அந்நீளத்தில் மின்கம்பமோ குழாய்மேடையோ நடுவில் வராதபடி முன்பே குறித்துவிட வேண்டும். தெற்குப் பக்கம் வேம்பும் புங்கும் வரிசையாக நட்டால் சில ஆண்டுகளில் நிழல் கிடைக்கும்.

இம்மூன்றும் முடிந்த பிறகு எஞ்சும் இடமே வீடுகளுக்கு உரியது. தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடினால் வீடுகள் வடக்கு, தெற்கு முகமாக அமையும். காலை மாலை வெயில் நீண்ட சுவர்களில் நேரே விழாது; வெப்பம் குறையும். தறி அறைக்கு வடக்குப் புறத்தில் அகன்ற சன்னல் வைத்தால் கண் கூசாத, நாள் முழுதும் மாறாத வெளிச்சம் கிட்டும். தறியும் அதன்முன் நீளும் பாவும் அடங்க அவ்வறை 15 அடி நீளத்துக்குக் குறையலாகாது. வீட்டுக்கு ஒரே நமூனாப் படம் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் 10 அடிக்கு 10 அடி அறையே போடுகிறார்கள். அங்கே தறி நுழையாது.

கணக்கைச் சரியாகப் போடுதல்

ஐந்து ஏக்கர் நிலம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்நூறு சென்ட் ஆயிற்று. மனைக்கு மூன்று சென்ட் வீதம் 166 மனை வரும் என்று தரகர் கூறுவார். கூட்டத்தில் இருப்போரும் அதையே நம்பிப் பங்குத்தொகையை வகுத்துவிடுவர். உண்மைக் கணக்கு வேறு.

ஐந்து ஏக்கர் என்பது 2,17,800 சதுர அடி. தெருக்களுக்கு 30 விழுக்காடு என்று கொண்டால் 65,340 சதுர அடி போகும், எஞ்சுவது 1,52,460. 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் தெருக்கள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஏக்கர் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாதலின் இது கட்டாயம். அதற்கு 15,246 சதுர அடி கழிந்தால் 1,37,214 மிஞ்சும். நீர்த்தொட்டி, பாவுக்கூடம், சங்கக் கடை, குழந்தைகள் பள்ளி ஆகியவற்றுக்கு 12,000 சதுர அடி விட்டால் எஞ்சுவது 1,25,214. மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. ஆகவே கிடைப்பது 95 மனைகளே.

166 பேர் என்று எண்ணி ஆளுக்கு 100 ரூபாய் வீதம் கணக்கிட்டவர்கள், 95 பேராகச் சுருங்கியதும் ஆளுக்கு ஏறத்தாழ 175 ரூபாய் கொடுக்க நேரும். அல்லது எழுபது பேர் பணம் கட்டியும் மனையின்றி நிற்க நேரும். சங்கங்களில் மனக்கசப்பு தோன்றுவது இவ்விடத்தில்தான். முதற்கூட்டத்திலேயே குறைந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுவதே நேர்மையும் விவேகமும் ஆகும்.

நீரும் கழிவும்

95 வீடுகளில் வீட்டுக்கு ஐவர் வீதம் 475 பேர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்திருக்கிறது. அதன்படி நாளொன்றுக்கு 26,125 லிட்டர் தேவை. ஏறக்குறைய 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி போதும். ஆனால் அந்நீர் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. பக்கத்து விவசாயியின் பாசனக் கிணற்றை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டால் அவர் கிணறு வற்றும், வழக்கு வளரும். கோடையில் நீர் இறைத்துச் சோதித்த பிறகே இடம் தெரிவு செய்க.

கழிப்பிடத்துக்கு இரட்டைக் குழி முறை கிராமத்துக்கு ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடி மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாண்டுகளில் மூடிய குழியில் உள்ளது நாற்றமற்ற எருவாகிவிடும். விவசாயிக்கு அது உபயோகமாகும். குழியைக் குடிநீர்க் கிணற்றுக்கு அருகே அமைக்கலாகாது; 50 அடியேனும் தள்ளி, நீர் சரியும் திசையில் கீழ்ப்புறமாக அமைக்க வேண்டும். மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால்தான் குழி முறை சரிவர இயங்கும்.

சாயக்கழிவைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. நொய்யலாற்றில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால் அணைநீர் பயிருக்கு உதவாமற்போயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. வயலும் கெட்டது, வேலையும் நின்றது. அளவிற் சிறியதாயினும் நம் குடியிருப்பிலும் இதுவே நடக்கக்கூடும். வீட்டுக்கு வீடு சாயம் தோய்த்துச் சாக்கடையில் விடுவதை அனுமதிக்கலாகாது. சாயம் தோய்ப்பது ஒரே பொது இடத்தில், சுத்திகரிப்பு வசதியுடன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று நடக்கவேண்டும். அதற்கு வழியில்லையேல் சாயமேற்றிய நூலையே வாங்குக.

சட்டம் கூறுவது

தாய்ப்பத்திரம், பட்டா, அடங்கல், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது என்பது எல்லோரும் அறிந்ததே. அறியாதிருப்பது அங்கீகாரத்தைப் பற்றியே. பஞ்சாயத்து அனுமதி உண்டு என்ற சொல்லை நம்பி மனை வாங்கியோர் பலர். மனைப்பிரிவுக்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் முறையான ஒப்புதல் வேண்டும். திட்டப் பகுதிக்கு உட்படாத கிராமங்களில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கும் நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு தேவை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தபோது, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய குடும்பங்கள் விற்கவும் முடியாமல் வங்கிக் கடன் பெறவும் முடியாமல் தவித்தன. 2017-இல் அரசாங்கம் வரன்முறை விதிகளை வெளியிட்டது. ஆனால் அவை 2016 அக்டோபர் 20-க்கு முன் ஏற்பட்ட மனைப்பிரிவுகளுக்கே உரியவை. இப்போது புதிதாகத் தொடங்குவோர் அச்சலுகையை நம்பி இறங்கலாகாது.

2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக்கி விற்பவர், விளம்பரம் செய்வதற்கு முன்பே ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெறவேண்டும். வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அத்திட்டத்தின் நிலத்துக்கும் வேலைக்கும் மட்டுமே செலவிட வேண்டும். தனியாரிடம் மனை வாங்கும் அங்கத்தினர் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

1904-இல் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோது அதன் நோக்கம் கடன் சுமையிலிருந்து ஏழைகளை மீட்பது. மனை வாங்குவதிலும் அந்நோக்கம் பொருந்தும். தனித்தனியே வாங்கினால் விலை ஏறும். ஒருங்கே வாங்கினால் விலை பேசும் வலிமை நம்மிடம் இருக்கும். ஆனால் வாங்கிய பிறகும் கட்டுப்பாடு வேண்டும். மனை பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்தால் முதலில் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும் என்று துணைவிதியிலும் ஒதுக்கீட்டுப் பத்திரத்திலும் எழுதிவைத்தல் நலம். அக்கட்டுப்பாடு இல்லையேல், நெசவாளருக்கென்று தொடங்கிய குடியிருப்பு சில ஆண்டுகளில் வெளியூர்ச் செல்வரின் காலி மனைகளாக மாறிவிடக்கூடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நெசவாளரும் விவசாயிகளும் சேர்ந்து ஒரு சிறு குழு அமைத்து நிலத்தைச் சுற்றிவர வேண்டும். குழுவில் பெண்கள் இருப்பது அவசியம். நீர் சுமப்பவரும் பாவு பிடிப்பவரும் அவர்களே. அக்குழு தயாரித்த படத்தைக் கிராம சபையின் முன் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கே எழும் ஆட்சேபம் தாளில் உள்ள கோட்டை மாற்றினால் தீரும். சுவர் எழுந்த பிறகு எழும் ஆட்சேபமோ நீதிமன்றத்தில்தான் தீரும்.

ஒரு குடியிருப்பு ஒரு தலைமுறைக்கு மட்டும் எழுவதன்று. இன்று நாம் இடும் தெருவில் நம் பேரப்பிள்ளைகள் பாவு நீட்டுவர். இன்று நாம் காத்து வைக்கும் வாய்க்காலில் அவர்கள் வயலுக்கு நீர் பாயும். ஆகவே நிலம் பார்க்கப் புறப்படும் அங்கத்தினர்கள் கார்த்திகை வரை பொறுத்திருந்து, மண்வெட்டியுடன் செல்வார்களாக. பக்கத்து வயற்காரரையும் உடன் அழைத்துச் செல்வார்களாக.